விட்டவர் பட்டியல்

“விட்டா செத்துருவாங்களாம்மா?” என்று எட்டு வயதுக் குட்டி ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தில் கேட்டாள்.

தையல்காரிக்கு முதலில் விளங்கவில்லை. கையை விட்டால் என்று கேட்கிறாளாக்கும் என்று எண்ணி, பிடித்திருந்த பிஞ்சுக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

“யாரு உன் கையை விடப்போறா? ரோட்டுல ஒழுங்கா நில்லு.”

“கை இல்லம்மா. அங்க பாரு.”

எதிரே பஸ் டிப்போவின் சுற்றுச்சுவர். அதில் முந்தைய நாள் ஒட்டிய பெரிய சுவரொட்டி. பசை இன்னும் காயாமல் ஓரங்கள் நெளிந்திருந்தன. அதில் அவள் கணவன் இருந்தான். டிப்போ அடையாள அட்டைக்காக எடுத்த படம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியதில் மூக்கு மட்டும் கொஞ்சம் அகன்றுபோயிருந்தது. கீழே சிவப்பு எழுத்து: ‘இவர் விட்டார்! நீங்கள் எப்போது?’ அதற்கும் கீழே, புகை விடுப்பு இயக்ககம்.

“அப்பா விட்டாருன்னு போட்டிருக்கு. அப்பா செத்துட்டாரு. அப்ப விட்டதுனாலதான் செத்தாரா?”

நல்லவேளையாகப் பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது. சில கேள்விகளுக்குத் தாய்மார்களிடம் இருக்கும் ஒரே பதில், வந்து நிற்கிற பஸ்தான்.

அவள் கணவன் அந்த டிப்போவில் மெக்கானிக். இருபத்தைந்து வருடம் அங்கே பஸ்களின் அடிவயிற்றில் படுத்துக் கிடந்தவன். வெளியே வந்தால் முதலில் சிகரெட்டைப் பற்றவைப்பான். பிறகுதான் கையைத் துடைப்பான். விட்டுவிடு என்று அவள் சொல்லாத நாளில்லை. அவனும் திங்கட்கிழமையிலிருந்து என்று சொல்லாத வாரமில்லை. பதினொரு மாதம் முன்பு நெஞ்சு ஆஸ்பத்திரியில் இறந்தான். கடைசி வாரத்தில், மூக்கில் குழாய் மாட்டியிருந்தபோதுகூடப் பக்கத்துக் கட்டில்காரரிடம் இரண்டு விரலை உதட்டில் வைத்துச் சைகை காட்டியவன் அவன். அவள் பார்த்துவிட்டாள். பார்த்தது தெரிந்ததும், குற்றம் செய்த பிள்ளை மாதிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுடன் வாழ்ந்த பதினாறு வருடத்தில் அவளால் மறக்க முடியாத முகம் அதுதான். அந்த மனிதன்தான் இப்போது விட்டவர்.

டிப்போவுக்கு எதிரே அவளுடைய சிறிய கடை. பஸ், லாரி, கார் எதுவானாலும் சீட் கவர் தைப்பாள். அன்று முழுவதும் ரெக்சின் துணியில் ஊசி ஓட, அவள் காது மட்டும் சுவரொட்டியின் அடியிலேயே நின்றது. டிப்போக்காரர்கள் அங்கே நின்றுதான் பற்றவைத்தார்கள், நிழல் இருந்தது.

“நல்லாத்தாண்டா இருந்தான். இத்தனை வருஷமா ஊதினான், ஒரு தும்மல் உண்டா? விட்டான். போயிட்டான்.”

“சும்மா சொல்லாதே.”

“நானா சொல்றேன்? அரசாங்கமே எழுதி ஒட்டியிருக்கு. படிக்கத் தெரியாதா உனக்கு?”

“என் பொண்டாட்டிகூட விடச் சொல்லி நச்சரிக்கிறா.”

“இன்சூரன்ஸ் போட்டுட்டாளான்னு கேளு.”

சிரிப்பு. இருமல். தீப்பெட்டி உரசும் சத்தம். சிகரெட் கம்பெனிகள் எத்தனையோ விளம்பரம் செய்திருக்கின்றன. இவ்வளவு சீக்கிரம் பலன் தந்தது எதுவுமில்லை.

மூன்றாம் நாள் இயக்ககத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதம் இறந்தவன் பெயருக்கு. ‘தாங்கள் புகையை மட்டுமின்றி அனைத்தையும் விட்டுவிட்டமையால் முழு விட்டவர் என்னும் தகுதியைப் பெறுகிறீர்கள். நிதிக்குழுவினர் முன்னிலையில் நடைபெறும் விழாவில் கேடயம் வழங்கப்படும். தாங்கள் நேரில் வருவது அவசியம். தங்கள் மகள் மேடையேறி, என் அப்பா விட்டார், நீங்களும் விடுங்கள் என்று கூறவேண்டும்.’

குட்டி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி, கேக்கறவங்க எல்லாரும் விட்டு, எல்லாரும் செத்துட்டா?”

“இல்லடி கண்ணு. அப்பா விடவே இல்ல.”

“அப்ப ஏன் அங்க எழுதியிருக்கு? அரசாங்கம் பொய் சொல்லுமா?”

அச்சடித்த எழுத்துக்கு எதிராகத் தாய் சொல்லும் வாய்ச்சொல் எடுபடாது. பள்ளிக்கூடத்தில் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். தையல்காரி கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள். அச்சடித்ததை அச்சடித்தவர்களே மாற்றவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இயக்ககத்தின் கிளை மையம் நெஞ்சு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், முன்பு உடைந்த ஸ்ட்ரெச்சர்களைப் போட்டுவைத்திருந்த அறையில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு கறுப்பு போன், ஒரு பதிவேடு. போனுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்த ஒரு பெண்மணி. எல்லாரும் அவரைப் போன்காரம்மா என்றார்கள். புகையை விட நினைப்பவர்கள் கூப்பிட்டால் அவர் பேசுவார். மையத்தின் வேலை அதுதான். இயக்ககத்தில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்றால் அது அவர்தான்.

தையல்காரி உள்ளே போனபோது அவர் யாரிடமோ சட்டைக்கு இஸ்திரி போடுவதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காலர் முதலில், அப்புறம் தோள், அப்புறம் கை என்று ஆறு நிமிடம். “போயிடுச்சா? சரி சாமி. நல்லா இருங்க” என்று வைத்தார்.

“டீ இடைவேளை. அந்த நேரந்தான் அவங்களுக்கு ஆகாது. ஆசை வந்தா அஞ்சு நிமிஷம் நிக்கும். அந்த அஞ்சு நிமிஷத்தை யாராவது கூட இருந்து தள்ளிவிடணும். உக்காரும்மா, என்ன விஷயம்?”

தையல்காரி கடிதத்தை நீட்டினாள். போன்காரம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

“உனக்குத் தலைமை இயக்ககத்துலேருந்து போன் வந்துச்சா, தங்கச்சி? இந்த ஆஸ்பத்திரியில படுத்திருந்த எல்லார் வீட்டுக்கும் போடுவாங்க.”

வந்தது. அவன் போன மூன்றாம் வாரம். ஒரு பெண் குரல், மூச்சுவிடாமல் கேட்டது. செத்துப்போனார் என்ற சொல்லைத் தையல்காரியின் வாய் அப்போது பழகியிருக்கவில்லை. நல்ல குடும்பங்களில் யாருக்கும் அது எளிதில் பழகுவதில்லை.

போன்காரம்மா பதிவேட்டில் ஒட்டியிருந்த அச்சுத் தாளைத் திருப்பிக் காட்டினார். அவள் சொன்னதெல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

‘உங்கள் கணவர் இப்போது புகை பிடிக்கிறாரா?’

‘அவர் இப்ப இல்லைங்க.’

அதற்கெதிரே: இல்லை.

‘எப்போதிலிருந்து?’

‘பத்தாம் தேதி விடியக்காலையிலேருந்து.’

‘மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை, மது?’

‘எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாருங்க.’

அதற்கெதிரே: அனைத்தையும் விட்டவர்.

‘மறுபடி ஆரம்பிக்க வாய்ப்புண்டா?’

‘இனிமே எங்கேருந்துங்க.’

அதற்கெதிரே: வாய்ப்பே இல்லை. உறுதி மிக்கவர்.

கடைசியில் அந்தக் குரல் வாழ்த்துகள் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறது. வருந்துகிறோம் என்றுதான் அன்று அவள் காதில் விழுந்தது. யாரோ முகம் தெரியாத பெண், நமக்காக வருத்தப்பட்டாளே என்று அவள் கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டிருந்தாள்.

“செத்தவங்களை எங்க எழுதறதுன்னு நான் மூணு தடவை கேட்டு எழுதினேன்” என்றார் போன்காரம்மா. “இருக்கறது மூணே கட்டம். விட்டவர், விடாதவர், விட்டுத் தொட்டவர். செத்தவர் புகைக்கிறாரா? இல்ல. அப்ப விட்டவர்தானேன்னு பதில் வந்துச்சு. அவங்க அச்சடிச்சு அனுப்புவாங்க, நான் ஒட்டுவேன்.”

“இதுல இன்னும் எத்தனை பேரு இப்படி, அக்கா?”

போன்காரம்மா பதிவேட்டை மெதுவாக மூடினார்.

“இதை நீ மேலிடத்துல போய்க் கேளும்மா” என்றார். குரலில் கோபமில்லை, வெட்கம் இருந்தது.

தலைமை இயக்ககம் ஐந்து மாடிக் கட்டடம். புகையிலை வரியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கிக் கட்டியது என்று வாசல் கல்வெட்டு பெருமையாகச் சொன்னது. மாடிப்படி வளைவுகளில் அலுவலர்கள் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். இயக்ககத்தின் பெயரிலுள்ள விடுப்பு என்பது தங்களுக்கு அதற்காகக் கொடுத்த விடுப்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். பட்டியல் பிரிவு அலுவலர் மட்டும் தன் நாற்காலியில் இருந்தார்.

“சார், என் வீட்டுக்காரர் பேரை இந்தப் பட்டியல்லேருந்து எடுக்கணும்.”

“ஏம்மா? எல்லாரும் சேக்கச் சொல்லி வருவாங்க. நீ எடுக்கச் சொல்றே.”

“அவர் செத்துட்டாருங்க.” இந்தத் தடவை அவள் சுற்றி வளைக்கவில்லை.

“சரி. செத்தப்பறம் புகைச்சாரா?”

“சார்!”

“கோவிச்சுக்காதே. விதியைச் சொல்றேன். ஆறு மாசம் தொடர்ந்து புகைக்கலேன்னா விட்டவர். ஏன் புகைக்கலேன்னு கேக்கறதுக்குப் படிவத்துல இடம் கிடையாது. காரணத்தைத் தோண்டினா தனி மனுஷ சுதந்திரத்துல தலையிட்டதா ஆகும்.”

“செத்தவங்களுக்குத் தனியா ஒரு கட்டம் போடக்கூடாதா?”

“செத்தவங்க வேற இலாகாம்மா. அந்த இலாகாக்காரங்க எத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணுவாங்க, எதனாலன்னு எண்ணமாட்டாங்க. நாங்க எதனாலன்னு சொல்லுவோம், செத்தாங்கன்னு சொல்லமாட்டோம். ஒருத்தர் வேலையில ஒருத்தர் கைவெச்சா நிர்வாகம் என்னத்துக்கு ஆகறது?”

அவர் உண்மையிலேயே உதவ விரும்பினார். இழுப்பறையிலிருந்து தடித்த விதிப்புத்தகத்தை எடுத்து நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“ஒரு வழி இருக்கு. விட்டவர்லேருந்து விட்டுத் தொட்டவருக்கு மாத்தலாம். அவர் நேர்ல வந்து இந்த மிஷின்ல ஊதணும். மூச்சுல புகை இருந்தா முள் ஏறும்.”

“எப்படிங்க வருவாரு?”

“வரமுடியலேன்னா சட்டப்படியான வாரிசு ஊதலாம். பதினாலாவது விதி. வாரிசுச் சான்று இருக்கா?”

இருந்தது. அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அவள் இரண்டு மாதம் அலைந்திருந்தாள். அலுவலர் வெள்ளைக் குழாயொன்றை அவள் கையில் கொடுத்தார். அவளுக்குத் தான் செய்வது என்னவென்று முழுதாகப் பிடிபடவில்லை. படித்தவர் சொல்கிறார் என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, செத்துப்போன கணவனுக்காக ஊதினாள்.

முள் அசையவில்லை.

“பூஜ்யம்” என்றார் அலுவலர், மனம் நிறைந்தவராக. கடிதத்தின் மேல் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். ‘மறு உறுதி செய்யப்பட்டது.’ “இனிமே யாரும் அவரைச் சந்தேகப்பட முடியாதும்மா. பயப்படாமப் போயிட்டு வா.”

விழாவுக்குக் குட்டியை அவள் அழைத்துப்போகவில்லை. பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் உரக்கச் சொல்லிவிட்டால் யாரும் மறைக்க முடியாது என்று நம்பினாள். கள்ளமில்லாத மனுஷி. கூட்டம் என்பது ஒன்றை ஒன்பது விதமாகக் கேட்பதற்குச் செய்த ஏற்பாடு என்று அவளுக்குத் தெரியாது.

முன்வரிசையில் நிதிக்குழு. அடுத்த வருடம் எந்த மையத்துக்கு எவ்வளவு என்று அன்று மாலைதான் அவர்கள் முடிவு செய்யவிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் புகையிலை வணிகர் சங்கத் தலைவர். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, போன்காரம்மா.

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“நண்பர்களே! நம் இயக்ககத்தின் ஒவ்வொரு பைசாவும் புகையிலை வரியிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு நுட்பமான விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மக்கள் புகையை விட வேண்டும். அதற்குத்தான் நாம் இருக்கிறோம். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் வரி நின்றுபோகும். வரி நின்றால், விடச்சொல்வதற்கு நம்மிடம் நிதி இருக்காது. நாம் இல்லாவிட்டால் மக்களை யார் காப்பாற்றுவது? ஆகவே மக்கள் விட வேண்டும். பொறுப்புணர்ச்சியோடு விட வேண்டும்!”

கைதட்டல்.

“நெஞ்சு ஆஸ்பத்திரி மையம் இந்த வருடம் முதலிடம் பெறுகிறது. மற்ற மையங்களில் விட்டவர்கள் மூன்றே மாதத்தில் மறுபடி தொடுகிறார்கள். இந்த மையத்தில் விட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்ன மந்திரம் என்று மற்ற மையங்கள் கேட்கின்றன. இடத்தேர்வு என்பேன்! எல்லா மையங்களையும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பக்கத்தில் மாற்ற உத்தேசித்திருக்கிறோம்.”

வணிகர் சங்கத் தலைவர் எழுந்து தன் பங்குக்கு நெகிழ்ந்தார். “எங்களை எதிரின்னு நினைக்கிறாங்க. நாங்கதான் இந்த இயக்ககத்துக்குப் படி அளக்கறோம். எங்க வாடிக்கையாளர்களை நாங்க ஒருநாளும் கைவிட்டதில்ல. கடைசி மூச்சு வரைக்கும் கூடவே இருப்போம். அதுக்கு மேல அவங்க எங்களை விட்டுட்டுப் போனா, அதையும் பெருந்தன்மையா ஏத்துக்கறோம்.”

முழு விட்டவர் பெயரை அழைத்தபோது தையல்காரி மேடையேறினாள். கேடயத்தை வாங்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் விடலைங்க. கடைசி நாள்வரைக்கும் கேட்டாரு. அது அவர் உயிரை எடுத்துருச்சு. அவர் விட்டது உயிரைத்தான். அந்தச் சுவரொட்டியை எடுத்துடுங்க. என் பொண்ணு, விட்டா செத்துருவாங்களான்னு கேக்கறா. அவளுக்கு நான் பதில் சொல்லணும்.”

நிதிக்குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு கணம், உலகம் தன் பக்கம் திரும்பிவிட்டது என்று தையல்காரி நினைத்தாள்.

இயக்குநர் அவள் கையிலிருந்து மைக்கைப் பக்குவமாக வாங்கினார்.

“கேட்டீர்களா! அவர் விட்டது உயிரை! புகையை விட்டவர்கள் நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் உயிரையே விட்டவர் யார்? இன்று முதல் அவர் வெறும் விட்டவர் அல்ல, விட்ட தியாகி! ஒரு சுவரில் இருக்கும் அவர் படத்தை இனி நூறு சுவர்களில் வைப்போம்! பள்ளிக்கூடங்களில் வைப்போம்!”

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வணிகர் சங்கத் தலைவர்தான் கடைசியாக உட்கார்ந்தார்.

வெளியே, தாழ்வாரத்தில், யாரோ கையில் திணித்துவிட்ட கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள் தையல்காரி. அழுகைகூட வரவில்லை. போன்காரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பொண்ணு என்ன கேட்டான்னு சொன்னே?”

“விட்டா செத்துருவாங்களான்னு. இனி அவ பள்ளிக்கூடத்துலயும் மாட்டப்போறாங்களாம்க்கா.”

போன்காரம்மா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“அச்சடிச்சது அவங்களோடது. ஆனா மூலப் பதிவேடு மையத்துல, என் கைல. அரையாண்டு சரிபார்ப்புல மையத்து ஆள் கைப்பட எழுதினா, அதுதான் செல்லும். அதை யாராலயும் அடிக்க முடியாது. நாளன்னிக்குச் சரிபார்ப்பு.”

“அப்ப அவர் பேரை எடுத்துடுவீங்களாக்கா?”

“ஒரு பேரை மட்டும் திருத்த முடியாதும்மா. தொட்டா எல்லாத்தையும் சரிபார்க்கணும்.”

தையல்காரிக்கு அதில் என்ன கஷ்டம் என்று அப்போது புரியவில்லை. “செய்யுங்கக்கா. புண்ணியமாப் போகும்” என்றாள்.

“செய்யறேன்” என்றார் அவர்.

ஆண்டவன் அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்து எழுதவைத்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் தன் கையாலேயே எழுதினார். ஆண்டவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். பட்டியலில் அறுபத்திரண்டு பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். எப்படிக் கேட்கவேண்டுமோ அப்படிக் கேட்டார், அழுதவர்களை அழவிட்டார். பிறகு நீல மையில், விட்டவர் என்று அச்சடித்திருந்த இடத்தில், அதற்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். உயிரை. நாற்பத்தொரு தடவை. ‘உயிரை விட்டவர். காரணம்: புகை.’ ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டார்.

இயக்ககம் அதிர்ச்சி அடைந்தது. நாற்பத்தொரு பேர் இறந்ததில் அடைந்த அதிர்ச்சியல்ல. சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: ‘இறந்தவர்களை நீக்கியதால் மையத்தின் வெற்றி விகிதம் கவலைக்கிடமாக உள்ளது. எவ்வளவு முயன்றும் காப்பாற்ற இயலவில்லை.’ நிதிக்குழு கூடியது. நூற்றுக்கு ஐம்பது என்ற இலக்கைத் தொடாத மையத்துக்குப் பொதுப்பணத்தைக் கொடுப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம் என்று தலைவர் பேசினார். மையத்தை மூடுவது, அதன் பங்கை அடுத்த வருட விட்டவர் விழாவுக்கு ஒதுக்குவது, சுவரொட்டிகளை விலக்கிக்கொள்வது, போன்காரம்மாவை வேலையிலிருந்து நிறுத்துவது என்று ஒரே மூச்சில் முடிவாயிற்று. உயிரோடு இருந்து உண்மையாகவே விட்ட இருபத்தொரு பேரைப்பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்களை வைத்து நிதி கேட்க முடியாது, எண்ணிக்கை போதாது.

பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்று தபாலில் தையல்காரிக்கு வந்தது. அதனுடன் ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. குட்டியை மடியில் உட்காரவைத்து அவளையே வாசிக்கச் சொன்னாள்.

“உ-யி-ரை விட்டவர். காரணம், புகை.” குட்டி நிமிர்ந்தாள். “அப்ப அப்பா விடாததாலதான் செத்தாரா?”

“ஆமாடி தங்கம்.”

“விட்டிருந்தா இருந்திருப்பாரா?”

“இருந்திருக்கலாம்.”

குட்டி கொஞ்சநேரம் கையால் எழுதிய அந்தச் சொல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். இது வேறு அழுகை. இதைத் தேற்ற முடியும். தாய்க்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

டிப்போ சுவரில் சுவரொட்டியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். டிப்போக்காரர்கள் அதே நிழலில் நின்று மையம் மூடிய கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தையல்காரிக்கு, தொட்டால் எல்லாவற்றையும் என்று போன்காரம்மா படிக்கட்டில் சொன்னதன் பொருள் முழுதாக இறங்கியது. தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளையின் கேள்விக்காக.

மறுநாள் காலை அவள் மையத்துக்கு ஓடினாள். காலில் விழுவதா, மன்னிப்புக் கேட்பதா, எதுவும் தீர்மானமில்லை. அறை திறந்து கிடந்தது. மேஜையைக் காணோம். ஆஸ்பத்திரியில் பெருக்கும் அம்மாள் ஈரத் துடைப்பத்தோடு வெளியே வந்தார்.

“போன்காரம்மாவா? நேத்தே மூட்டை கட்டிட்டாங்க. மக ஊருக்குப் போறாங்களாம். எந்த ஊருன்னு கேட்டேன், சிரிச்சாங்க. கொஞ்சம் நில்லும்மா, வாளியில தண்ணி பிடிச்சுட்டு வந்து பூட்டணும்.” அவர் நடை வளைவில் மறைந்தார்.

தையல்காரி உள்ளே நின்றாள். ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் தேய்ந்த தடம் தரையில் இருந்தது. மேஜை இருந்த இடத்தில், தரையில், கறுப்பு போன் மட்டும் கிடந்தது. இணைப்பைத் துண்டிக்க வேறொரு பிரிவிலிருந்து உத்தரவு வரவேண்டியிருந்தது. இயக்ககத்தின் சோம்பலால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

போன் அடித்தது.

அவள் வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. தரையில் மண்டியிட்டு எடுத்தாள்.

“அம்மா?” ஓர் ஆண்குரல். மூச்சு இரைத்தது. “அம்மா, சட்டைப்பையில பாக்கெட் இருக்கு. வாங்கிட்டேன். பிரிக்கல. மூணு மாசமாச்சு, இப்பப் போய்... ஏதாவது பேசுங்கம்மா.”

“போன்காரம்மா ஊருக்குப் போயிருக்காங்க.”

மறுமுனையில் பாக்கெட்டின் காகிதம் சரசரப்பது கேட்டது.

“வெச்சுடாதீங்க” என்றாள் அவள் அவசரமாக. “நான் பேசறேன். எனக்கு அவங்க மாதிரி பேச வராது. நான் சீட் கவர் தைக்கிறவ.”

“ஏதாவது சொல்லுங்க.”

“இப்ப ஒரு பஸ் சீட்டு வருதுன்னு வைங்க. முதல்ல பழைய உறையை உரிக்கணும். கிழிக்கக்கூடாது. தையலைப் பிரிச்சு, எடுத்து, புதுத் துணி மேல வெச்சு அளவு போடணும். எல்லாரும் மூலையில கோட்டை விடுவாங்க. மூலைக்கு ஒரு விரக்கடை கூட விட்டு வெட்டணும். ரெக்சின் முரட்டுத் துணி. ஒரு தடவை ஊசி தப்பா இறங்கினா ஓட்டை அப்படியே நிக்கும், மறையாது. அதனால நான் ரொம்ப மெதுவாத்தான் ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு...”

அவள் பேசினாள். ஓரக் கயிறு வைத்துத் தைப்பதை, பஞ்சை அடைப்பதை, ஒரு லாரி டிரைவர் புலிக்கோடு போட்ட துணி வேண்டும் என்று அடம்பிடித்ததை. அந்த டிரைவர் கதை வந்த இடத்தில் மறுமுனை லேசாகச் சிரித்தது.

“போயிடுச்சும்மா” என்றது குரல் கடைசியில்.

“பாக்கெட்டு?”

“குப்பைத்தொட்டி பக்கத்துலதான் நிக்கிறேன்.” ஏதோ விழுந்த சத்தம். “உங்க பேரு என்னம்மா?”

“பேரு என்னத்துக்குங்க. நாளைக்கு இந்த நம்பர் இருக்காது. என் கடை நம்பரைச் சொல்றேன், எழுதிக்குங்க. உங்களை மாதிரி வேற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கும் குடுங்க. எத்தனை மணிக்கு ஆகாது உங்களுக்கு?”

“பதினொண்ணு.”

“சரி. நான் இருப்பேன்.”

பெருக்கும் அம்மாள் திரும்பி வருவதற்குள் அவள் ரிசீவரை வைத்துவிட்டு, முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, வெளியே வந்திருந்தாள்.

மறுநாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பாதித் தையலில், இயந்திரத்தை நிறுத்தினாள். மணிச் சத்தம் கேட்காமல் போய்விடக்கூடாது. கடையில் வேறு யாரும் இல்லை. மடியிலிருந்த ரெக்சின் துண்டுகளை ஒதுக்கி வைத்தாள். போன் அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தாள்.